சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் எவ்வளவு தூரம்?
கணிதம், புவியியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மேல்நிலைப் பள்ளிகளில் கணிதமும் புவியியலும் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு,

2018 அக்டோபரில் சிங்கப்பூருக்கும் நியூயார்க்கை ஒட்டிய நியூவார்க்குக்கும் இடையே இடைநில்லா விமானச் சேவை மீண்டும் தொடங்கியது. உலகின் மிக நீண்ட பயணிகள் விமானச் சேவை என்று அது பேசப்பட்டது. எவ்வளவு நீளம் என்பதில்தான் எண்கள் ஒத்துப்போகவில்லை. தூரப் பட்டியல்களில் 15,344 கி.மீ. என்று இருந்தது, செய்திகளில் 16,700 கி.மீ. என்று வந்தது. இடையில் 1,350 கிலோமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தும், இரண்டில் எதுவும் அச்சுப்பிழை அல்ல. முதலாவது, புவியின் மேற்பரப்பில் இரு நிலையங்களையும் இணைக்கும் மிகக் குறுகிய வழியின் நீளம். இரண்டாவது, விமானம் பறப்பதற்கென வகுத்த வழியின் நீளம்.

இரு விமான நிலையங்களுக்கு இடையிலான தூரம் என்பது ஒற்றை எண் அல்ல. எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்கு, புவியை எந்த வடிவமாகக் கொண்டு, எதற்காக அளக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும். வகுப்பறையில் இந்தக் கேள்விக்கு ஓர் எண்ணைச் சொல்லி முடித்துவிடுவது வழக்கமாக இருக்கிறது. அப்படி முடிப்பதால் இழப்பு அதிகம். முக்கோணவியலும் நிலப்பட வரைவும் காற்றோட்டமும் சட்டமும் ஒரே கணக்கில் சந்திக்கும் இடங்கள் பாடத்திட்டத்தில் அதிகம் கிடையாது.

முதலில் புள்ளிகள். ஒரு பெரிய விமான நிலையம் பல கிலோமீட்டர் பரப்புள்ளது. ஓடுபாதை மட்டுமே மூன்று நான்கு கிலோமீட்டர் ஓடும். ஆகவே ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு குறிப்புப் புள்ளி அறிவிக்கப்பட வேண்டும் என்பது பன்னாட்டுக் குடிமை வான்போக்குவரத்து அமைப்பின் விதி. நிலையத்தின் வடிவியல் மையத்தை ஒட்டி, முதலில் அமைக்கும்போதே அது குறிக்கப்படும். பின்னால் ஓர் ஓடுபாதை கூடினாலும் புள்ளி பொதுவாக நகர்வதில்லை. அதன் அட்சரேகையும் தீர்க்கரேகையும் பாகை, கலை, விகலை என்ற கணக்கில் வெளியிடப்படுகின்றன. அட்சரேகையில் ஒரு விகலை தரையில் ஏறத்தாழ 31 மீட்டர். பதினையாயிரம் கிலோமீட்டர் கணக்குக்கு இந்தத் துல்லியம் தேவைக்கும் மேல்.

அடுத்தது, புள்ளிகளை இணைக்கும் கோடு. வகுப்பறைச் சுவரில் தொங்கும் உலகப் படம் பல இடங்களில் மெர்க்காட்டர் 1569-இல் வரைந்த முறையின் வழித்தோன்றல்தான். அந்தப் படம் மாலுமிகளுக்காகப் பிறந்தது. அதில் அளவுகோலை வைத்து நேர்கோடு இழுத்தால், திசைகாட்டியின் ஒரே கோணத்தை மாற்றாமல் போகக்கூடிய பாதை கிடைக்கும். அது குறுகிய பாதை அன்று. சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்கின் கென்னடி நிலையத்துக்கு அப்படி ஒரே கோணத்தில் போனால் ஏறத்தாழ 18,500 கி.மீ. ஆகும். உண்மையான குறுகிய வழி அதைவிட 3,000 கிலோமீட்டருக்கும் மேல் சிறியது. சென்னை–சிங்கப்பூர் போன்ற, நிலநடுக்கோட்டுக்கு அருகே உள்ள குறைந்த தூரங்களில் இந்த வேறுபாடு தெரியவே தெரியாது: இரண்டு முறையிலும் 2,925 கிலோமீட்டரை ஒட்டியே விடை வரும், வேறுபாடு ஒரு கிலோமீட்டரைத் தாண்டாது. அருகிலுள்ள ஊர்களை எடுத்துக்காட்டாகக் கொடுக்கும் பாடத்தில் மாணவருக்குச் சுவர்ப்படத்தின் மேல் அளவுக்கு மீறிய நம்பிக்கை பிறப்பது இதனால்தான். தொலைதூர இணைகளைக் கொடுத்தால்தான் படத்தின் குறை வெளிப்படும்.

கோளத்தின் மேல் இரு புள்ளிகளுக்கு இடையிலான மிகக் குறுகிய வழி, அவ்விரு புள்ளிகளையும் கோளத்தின் மையத்தையும் சேர்த்து வெட்டினால் கிடைக்கும் வட்டத்தின் வில். அந்த வட்டத்துக்குப் பெருவட்டம் என்று பெயர். நிலநடுக்கோடு ஒரு பெருவட்டம். தீர்க்கரேகை ஒவ்வொன்றும் பெருவட்டத்தில் பாதி. நிலநடுக்கோட்டைத் தவிர மற்ற அட்சரேகைகள் பெருவட்டங்கள் அல்ல. நியூயார்க்கும் மத்ரித்தும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகையில் இருந்தும், மத்ரித் விமானம் நேர் கிழக்கே போகாமல் வடக்கே வளைந்து போவது இதனால்.

இதைச் சூத்திரம் இல்லாமலே காட்டலாம். 30 செ.மீ. விட்டமுள்ள பூகோள உருண்டையின் சுற்றளவு ஏறத்தாழ 94 செ.மீ. புவியின் சுற்றளவு 40,000 கி.மீ. என்று கொண்டால், உருண்டையில் ஒரு சென்டிமீட்டர் சுமார் 425 கிலோமீட்டருக்குச் சமம். சிங்கப்பூரில் நூலின் ஒரு முனையைப் பிடித்து, நியூயார்க்கில் மறுமுனையை இழுத்து இறுக்கினால், நூல் தானாகவே வடக்கே ஏறி நிற்கும். நீளம் 36 செ.மீ. அளவு இருக்கும். 36-ஐ 425-ஆல் பெருக்கினால் 15,300. ஒரு மில்லிமீட்டர் பிசகினால் 42 கி.மீ. தவறும் என்றாலும், ஒரு துண்டு நூலுக்கு இது மோசமான விடை அல்ல. நூல் போகும் வழியைப் பார்ப்பதுதான் இன்னும் முக்கியம்: கம்போடியா, லாவோஸ், சீனா, மங்கோலியா, சைபீரியா, ஆர்க்டிக் பெருங்கடல், பிறகு கனடாவின் வடகோடித் தீவுகள், கியூபெக், நியூயார்க். வட துருவத்துக்கு ஏறத்தாழ 280 கி.மீ. பக்கத்தில் அது கடந்து போகிறது. சுவர்ப்படத்தில் இந்தப் பாதையை வரையவே முடியாது. மெர்க்காட்டர் படத்தில் துருவம் முடிவிலிக்குப் போய்விடுகிறது.

இனிக் கணக்கு. சிங்கப்பூர் சாங்கி நிலையம் வடக்கு 1.359 பாகை, கிழக்கு 103.989 பாகை. கென்னடி நிலையம் வடக்கு 40.640 பாகை, மேற்கு 73.779 பாகை. ஒன்று கிழக்கு, ஒன்று மேற்கு என்பதால் தீர்க்கரேகைகளைக் கூட்ட வேண்டும்: வேறுபாடு 177.768 பாகை. பாதி உலகம் என்பது 180 பாகை. அதில் இரண்டே கால் பாகைதான் குறைவு. கோள முக்கோணவியலின் கொசைன் விதி சொல்வது இது: இரு அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்கிக்கொள்ள வேண்டும், அதோடு இரு அட்சரேகைகளின் கொசைன்களையும் தீர்க்கரேகை வேறுபாட்டின் கொசைனையும் பெருக்கிவந்த தொகையைக் கூட்ட வேண்டும், வருவது கோணத் தூரத்தின் கொசைன். முதல் பெருக்கம் 0.0154. இரண்டாவது −0.7580. கூட்டினால் −0.7426. எதிர்மறை விடையைக் கண்டு மாணவர் திகைப்பார். கோணம் 90 பாகையைத் தாண்டிவிட்டது, அதாவது நியூயார்க் சிங்கப்பூரிலிருந்து பார்த்தால் உருண்டையின் மறுபாதியில் இருக்கிறது என்பதே அதன் பொருள். −0.7426-ஐக் கொசைனாகக் கொண்ட கோணம் 137.95 பாகை. புவியின் சராசரி ஆரம் 6,371 கி.மீ. என்றால் ஒரு பாகைக்கு 111.195 கி.மீ. பெருக்கினால் 15,340 கி.மீ.

இந்தக் கணக்கில் பிழை நுழையும் வாசல்கள் சிலவே, ஆனால் ஒவ்வொன்றும் அகலமானவை. மேற்குத் தீர்க்கரேகைக்கு எதிர்க்குறி போட மறந்தால் விடை சுமார் 5,320 கி.மீ. என்று வரும், கென்னடி நிலையம் கிர்கிஸ்தானின் மலைகளுக்கு இடம்பெயர்ந்திருக்கும். கலைகளைத் தசமமாக எழுதுவது இன்னொன்று. சாங்கியின் 1 பாகை 21 கலை என்பது 1.35 பாகை, அதை 1.21 என்று எழுதினால் புள்ளி 15 கி.மீ. தெற்கே நகர்ந்துவிடும். இந்தப் பிழை முதல் பிழையைவிடக் கெட்டது, ஏனென்றால் விடை நம்பும்படியே இருக்கும். மூன்றாவது, கணிப்பான் பாகையில் இல்லாமல் ரேடியனில் இருப்பது. அது எல்லா ஆசிரியரும் அறிந்ததே.

பட்டியல்களில் இருப்பது 15,340 அல்ல. கென்னடி நிலையத்துக்கு அவை தருவது 15,349 கி.மீ. இந்த ஒன்பது கிலோமீட்டர் எங்கிருந்து வந்தது என்பதில்தான் புவியின் வடிவம் ஒளிந்திருக்கிறது. புவி துருவங்களில் சற்றுத் தட்டையானது. இன்று உலகம் முழுவதும் பயன்படும் டபிள்யூஜிஎஸ்-84 அளவையின்படி நிலநடுக்கோட்டு ஆரம் 6,378.137 கி.மீ.; துருவ ஆரம் 6,356.752 கி.மீ. ஏறத்தாழ 21 கி.மீ. வேறுபாடு. தட்டையான இடத்தில் வளைவு குறைவு. வளைவு குறைந்தால் ஒரு பாகை அட்சரேகைக்கு அதிகத் தரை வேண்டும். நிலநடுக்கோட்டருகே ஒரு பாகை 110.6 கி.மீ.; துருவத்தருகே 111.7 கி.மீ. சிங்கப்பூர்–நியூயார்க் வழி துருவத்தை ஒட்டிப் போவதால் இந்த நீண்ட பாகைகள் அதன் பங்கில் நிறைய விழுகின்றன. கோளக் கணக்கு குறைவாகக் காட்டியது அதனால். நிலநடுக்கோட்டை ஒட்டிக் கிழக்கு மேற்காகப் போகும் வழியிலும் கோளக் கணக்கு குறைவாகவே காட்டும், ஆனால் காரணம் வேறு: அங்கே ஆரமே பெரியது.

இந்த வடிவத்தைக் கண்டுபிடித்த கதையில் சென்னைக்கு ஓர் இடம் உண்டு. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் புனித தோமையார் மலையருகே சங்கிலியால் சுமார் 12 கி.மீ. நீள அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். இன்றைய சென்னை விமான நிலையம் அந்த மலையின் பக்கத்தில்தான் இருக்கிறது. இந்திய முக்கோண நில அளவையின் வேர் அந்த அடிக்கோடு. பின்னாளில் இமயம் வரை நீண்ட அந்த அளவையிலிருந்து, லாம்டனுக்குப் பின் பொறுப்பேற்ற ஜார்ஜ் எவரெஸ்ட் 1830-இல் புவியின் நிலநடுக்கோட்டு ஆரத்தை 6,377.276 கி.மீ. என்று கணித்தார். இன்றைய அளவிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கும் குறைந்த வேறுபாடு. இந்திய வரைபடங்கள் நெடுங்காலம் எவரெஸ்ட் கோளத்தின் மேலேயே வரையப்பட்டன. அதன் திருத்திய வடிவம் மலாயா நில அளவையிலும் புழங்கியது. நாட்டுக்கொரு கோளம் என்று இருந்தவரை, ஒரே நிலையத்தின் ஆயத்தொலைகள் இரண்டு நாட்டுப் படங்களில் சில நூறு மீட்டர் விலகி நின்றன. 1998 ஜனவரி 1 முதல் பன்னாட்டு வான்போக்குவரத்துக்கு டபிள்யூஜிஎஸ்-84 ஒன்றே என்று ஆனது.

தட்டைக் கோளத்தின் மேல் குறுகிய வழியைக் கணிக்க எளிய சூத்திரம் கிடையாது. 1975-இல் தாடியஸ் வின்சென்டி தந்த முறை, விடையை மீண்டும் மீண்டும் திருத்திக்கொண்டே போய் மில்லிமீட்டர் அளவுக்கு நெருங்கும். உருண்டையின் நேர் எதிரெதிர்ப் பக்கங்களில் உள்ள இணைகளுக்கு மட்டும் அது சில நேரம் விடையில்லாமல் சுற்றும். அந்தக் குறையைச் சார்ல்ஸ் கார்னி 2013-இல் வெளியிட்ட முறை நீக்கியது. பள்ளிக்கு இரண்டும் தேவையில்லை. கோளக் கணக்கில் அதிகம் போனால் அரை விழுக்காடு பிழை என்று தெரிந்திருந்தால் போதும்.

கென்னடி நிலையமும் நியூவார்க் நிலையமும் ஒரே நகருக்குப் பயன்படுபவை. இடையில் சுமார் 33 கி.மீ. ஆனால் சிங்கப்பூரிலிருந்து கணக்கிட்டால் ஒன்று 15,349, இன்னொன்று 15,344. வேறுபாடு ஐந்தே கிலோமீட்டர். இது வகுப்பில் கேட்கத் தகுந்த மிக நல்ல கேள்வி. வழி வடக்கிலிருந்து இறங்குகிறது. இரு நிலையங்களும் கிழக்கு மேற்காகப் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஆகவே எது சற்று வடக்கே இருக்கிறதோ அது அருகில். நியூவார்க் ஏறத்தாழ ஆறு கி.மீ. வடக்கே இருக்கிறது.

அலகுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 15,349 கி.மீ. என்பது 9,537 மைல். 8,288 கடல் மைல். கடல் மைல் அட்சரேகையில் ஒரு கலையின் நீளமாகப் பிறந்து, 1929-இல் 1,852 மீட்டர் என்று நிலைப்படுத்தப்பட்டது. விமானிகள் இன்றும் அதில்தான் கணக்கிடுகிறார்கள். விமானம் தரையிலிருந்து 11 கி.மீ. உயரத்தில் பறப்பதால் கூடும் தூரம் பலருக்கும் தோன்றும் ஐயம்: இந்த முழு வழிக்கும் அது 26 கி.மீ. அளவுதான்.

இனி 16,700 கி.மீ. காற்று இல்லாத உலகில் விமானங்கள் பெருவட்டத்தை ஒட்டியே பறக்கும். ஆனால் விமானங்கள் பறக்கும் உயரத்தில், நடு அட்சரேகைகளில், மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் வீசுகிறது. அதன் வேகம் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டுவதும் உண்டு. விமானத்தின் வேகம் காற்றைப் பொறுத்தது, தரையைப் பொறுத்ததல்ல. ஆற்றில் போகும் படகுக்கும் கரையில் நடப்பவனுக்கும் உள்ள வேறுபாடுதான். ஓர் எளிய கணக்கு இதைத் தெளிவாக்கும். விமானம் காற்றுக்குள் மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் போகிறது என்று கொள்ளலாம். காற்றில்லாமல் 15,349 கிலோமீட்டரைக் கடக்க 17 மணி 3 நிமிடம் ஆகும். அதை விட்டு, சராசரியாக மணிக்கு 100 கி.மீ. பின்காற்று கிடைக்கும் 16,700 கிலோமீட்டர் வழியைப் பிடித்தால் தரைவேகம் 1,000 ஆகும். நேரம் 16 மணி 42 நிமிடம். 1,350 கி.மீ. அதிகம் போய், 21 நிமிடம் முன்னதாகச் சேர்ந்துவிடலாம். எரிபொருளும் அந்த அளவுக்கு மிச்சம். விமான நிறுவனத்துக்கு முக்கியம் தரையில் கடந்த தூரம் அல்ல, காற்றுக்குள் கடந்த தூரம்: நீண்ட வழியில் அது 15,030 கி.மீ., குறுகிய வழியில் 15,349.

ஆகவே நியூயார்க் நோக்கிப் போகும் விமானம் பெரும்பாலும் துருவத்தை நாடாமல் வட பசிபிக்கைக் கடக்கிறது. திரும்பும் விமானத்துக்கு வழி அன்றன்றைய காற்றைப் பார்த்து முடிவாகும். சில நாட்களில் அதுவும் கிழக்கே புறப்பட்டு அட்லாண்டிக்கையும் ஐரோப்பாவையும் தாண்டி வருகிறது. அப்படிப்பட்ட நாளில் போய்த் திரும்பிய பயணி, தனக்கே தெரியாமல் உலகை ஒருமுறை சுற்றியிருப்பார். இந்தச் சேவைக்கென உருவான ஏர்பஸ் ஏ350-900 யூஎல்ஆர் விமானம் 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். அதன் வீச்சு 18,000 கி.மீ. என்று சொல்லப்படுகிறது. 15,344 கி.மீ. சேவைக்கு இவ்வளவு எதற்கு என்று கேட்பவருக்கு விடை காற்றில் இருக்கிறது.

காற்று மட்டுமல்ல, எல்லையும் வழியை வளைக்கும். 2022-இல் ரஷ்யா தன் வான்வெளியை ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் விமானங்களுக்கு மூடியது. ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்குப் பெருவட்டத் தூரம் 8,000 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. சைபீரியா வழியே ஒன்பது மணி நேரம் ஆன அந்தப் பயணம், வட துருவத்தின் மேலாகச் சுற்றிப்போகும்போது 13 மணி நேரம் ஆனது. இரு நகரங்களும் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. இவற்றோடு, இரட்டை என்ஜின் விமானம் அவசரத்தில் இறங்கத்தக்க நிலையத்திலிருந்து எவ்வளவு நேரத் தொலைவு வரை விலகலாம் என்ற விதியும், புறப்படும்போதும் இறங்கும்போதும் வரிசைக்காகச் சுற்றுவதும் சேர்ந்துகொள்ளும்.

பறந்த தூரம் நாளுக்கு நாள் மாறுவதால், பணமும் பொறுப்பும் சம்பந்தப்பட்ட இடங்களில் சட்டம் மாறாத எண்ணைத் தேர்ந்தெடுக்கிறது. விமானம் தாமதமானால் இழப்பீடு தர வேண்டும் என்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004-ஆம் ஆண்டு விதிமுறையில், 1,500 கி.மீ. வரை 250 யூரோ, அதற்கு மேல் 400 அல்லது 600 யூரோ. தூரத்தைப் பெருவட்ட முறையில்தான் அளக்க வேண்டும் என்று விதியே சொல்கிறது. ரோமிலிருந்து பிரசெல்ஸ் வழியாக ஹாம்பர்க் போன பயணிகளின் வழக்கில் இதற்குச் சோதனை வந்தது. இரு பறப்புகளையும் கூட்டினால் 1,656 கி.மீ.; ரோம்–ஹாம்பர்க் நேர்த்தூரம் 1,326 கி.மீ. எல்லைக்கோட்டின் இரு பக்கத்திலும் இரு எண்கள். 2017 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் நேர்த்தூரத்தையே எடுத்துக்கொண்டது: சுற்றிப் போனதால் பயணியின் அவதி கூடிவிடவில்லை என்பது அதன் நிலை. 400 யூரோ எதிர்பார்த்தவர்களுக்கு 250 என்று ஆனது.

கரியமிலக் கணக்கில் அதே அணுகுமுறை சற்றுத் தடுமாறுகிறது. பன்னாட்டுக் குடிமை வான்போக்குவரத்து அமைப்பின் கணக்கீட்டு முறை பெருவட்டத் தூரத்தோடு 550 கி.மீ.க்குக் குறைந்த பயணத்துக்கு 50 கிலோமீட்டரும், 5,500 கி.மீ. வரை 100 கிலோமீட்டரும், அதற்கு மேல் 125 கிலோமீட்டரும் கூட்டுகிறது. ஐரோப்பிய உமிழ்வு வணிகத் திட்டம் எல்லாவற்றுக்கும் 95 கி.மீ. கூட்டுகிறது. கென்னடி வழிக்கு 125 கூட்டினால் 15,474 கி.மீ. உண்மையில் பறக்கும் நீண்ட வழிக்கு இது எட்டாது. பின்காற்று கிடைத்த நாளில் காற்றுக்குள் பறந்த தூரத்தைவிட இது அதிகமாகவும் இருக்கலாம். நிலையான எண் வசதியானது. ஒரு குறிப்பிட்ட நாளின் புகையை அது சொல்லாது.

வகுப்பில் இந்தக் கணக்கைக் கொடுக்கும்போது விடையோடு எந்த ஆயத்தொலை, எந்த ஆரம், எந்த அலகு என்பதையும் எழுதச் சொல்வது நல்லது. அவை இல்லாத எண்ணைச் சரிபார்க்க வழியில்லை. பயிற்சிக்கு இரண்டு இணைகள் ஏற்றவை: பெர்த்–லண்டன், சிட்னி–லண்டன். தட்டைக் கோளக் கணக்கில் முதலாவது 14,499 கி.மீ., இரண்டாவது 17,016 கி.மீ. மாணவரின் கோளக் கணக்கு இவற்றிலிருந்து அரை விழுக்காட்டுக்குள் நின்றால் வழிமுறை சரி. லண்டன் ஹீத்ரோ நிலையம் சுழிப் பாகைத் தீர்க்கரேகைக்கு அரைப் பாகை மேற்கே இருக்கிறது. பெர்த்தும் சிட்னியும் தெற்கு அட்சரேகையில் இருக்கின்றன. மேற்குத் தீர்க்கரேகை, தெற்கு அட்சரேகை இரண்டுக்கும் எதிர்க்குறி வேண்டும்.